முன்பல்லுக்கு நடுவில்

— வாயப் பொத்தியிருக்குத துண்ட எடுத்துட்டுப் பேசுங்கப்பா. பாதி விளங்க மாட்டேங்கு.

— புதுப் பல் செட்டுலே. இன்னைக்குத்தான் மாட்டுனாவ. கூச்சமா இருக்கு, கெடக்கட்டும்.

— அதுக்குச் செங்கோட்டை வரைக்கும் போகணுமா? தென்காசியில நான் வேலை பாக்குத இடத்துலயே செஞ்சிருப்பேம்லா.

— மகன் செஞ்ச பல்லையா வாயில வச்சுக்கிட்டுத் திரியச் சொல்லுத? இன்ஜினியருக்குப் படிக்க வச்சது அதுக்காலே?

— ஆரம்பிச்சாச்சா. குத்தாலத்துல சீசன் கூட்டம், பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். விடுங்கப்பா.

— நாளைக்கு வடகரைக் கல்யாணத்துல உன் பெரியப்பன் கேப்பான். சென்னைக் கம்பெனியில லீவு போட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லு.

— எந்தக் கம்பெனியில ஒன்றரை வருசம் லீவு தாரான்? அங்கன கியர் வரைஞ்சேன், இங்கன பல்லு வரையுதேன். அதே கம்ப்யூட்டர்தான்.

— யாரு பல்லுன்னு தெரியுமாலே உனக்கு?

— பேரு வராது, நம்பர்தான் வரும். டாக்டர் வாய்க்குள்ள கேமராவ விட்டுப் படம் எடுத்து அனுப்புவாரு. அதுலதான் இன்னைக்கு முதலாளிகிட்ட ஏச்சு வாங்கினேன்.

— என்னத்துக்கு?

— யாரோ வயசான ஆளு. ஆடுத பல்லப் பூரா பிடுங்கதுக்கு முன்னால எடுத்த படமும் இருந்துச்சு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. செட்டுல அதை அடைச்சிரணும்னு அவரு கேட்டதா டாக்டர் எழுதியிருந்தாரு. நான் அடைக்கல.

— மறந்துட்டியோ?

— மறக்கல. எனக்கும் அதே இடைவெளி இருக்குல்லா. அடைச்சுப் பாத்தேன், வேத்தாளு மாதிரி ஆயிருச்சு. கம்பெனியில பழகுன கை, அசல்ல இருக்குத அளவ மாத்த வரல. அப்படியே செய்ய விட்டுட்டேன்.

— பொறவு?

— இன்னைக்கு மாட்டும்போதுதான் டாக்டர் பாத்திருக்காரு. அந்த ஆளு கண்ணாடிய ரொம்ப நேரம் பாத்துட்டு, செட்டோடயே எந்திரிச்சுப் போயிட்டாராம். திரும்பி வந்து குறை சொன்னா வேலைக்கு வராதன்னுட்டாரு முதலாளி.

— உனக்கு வேற வேலை கெடைக்காதாக்கும்.

— இன்னொரு வேலைய மொதல்ல இருந்து படிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா. கல்யாணத்துக்கு நான் வரல. காலையில போயி டாக்டர் கால்ல விழணும்.

— விழாண்டாம். கல்யாணத்துக்கு வா. அந்த ஆளு குறை சொல்ல மாட்டான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— துண்ட எடுத்துட்டேன், இங்கன பாரு. செங்கோட்டைக்கு நான் போகவே இல்லலே.