மாற்றுக் கொக்கி

தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் அணியில் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பாட்டில்களையும் சோப்புப் போட்டுக் கழுவி, மூடிகளைத் தனியாகக் காயவைத்து, கவிழ்த்து அடுக்குவேன். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. நான் பொறுப்பானவள் என்று மற்ற பெண்களும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான்.

ரக்பி உங்களுக்குப் பழக்கமில்லை என்றீர்கள். முழுவதும் தெரிய வேண்டாம், ஸ்க்ரம் தெரிந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பின்னிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். நடுவே உருட்டிவிடும் பந்தை, முன்வரிசையின் நடுவில் இருப்பவள் காலால் இழுத்துப் பின்னால் தள்ளுவாள். அவளை நாங்கள் கொக்கி என்போம். அவளுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் இருப்பவர்களின் தோள்மேல் மாட்டியிருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் மற்றவர்கள் எப்படியாவது ஒரு கையை ஊன்றிக்கொள்ளலாம். கொக்கிக்கு ஊன்றக் கை கிடையாது. முகம்தான் முதலில் தரையில் படும்.

எங்கள் கொக்கியும் நானும் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. வாயாடி. ஈரத் துண்டை என் கட்டில்மேல் போடுவாள், திட்டினால் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அவளுக்கு ஏதாவது ஆகி வெளியே வந்தால், பதிலுக்கு இறங்க வேண்டியவள் நான். அதனால் எனக்கு ஸ்டெப்னி என்று பெயர்.

"ஸ்டெப்னி டிக்கிலயே இருக்கட்டும்டி. அதான் வண்டிக்கு நல்லது" என்று கிண்டல் செய்வாள்.

நானும் சிரிப்பேன். டிக்கியில் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பயிற்சி தொடங்கிய புதிதில் ஒருமுறை என்னைக் கொக்கியாக இறக்கினார்கள். ஸ்க்ரம் சரிந்தது. வாய் நிறையச் சேறு. இரண்டு கைகளும் இரண்டு பேருக்கு அடியில். முதுகின்மேல் எத்தனை பேர் கிடந்தார்கள் என்று தெரியாது. கத்த வேண்டுமென்றால் மூச்சு வேண்டும், அது இல்லை. மேலே யாரோ சிரித்துக்கொண்டே சாவகாசமாக எழுந்துகொண்டிருந்தாள். செத்துவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. இனி இதிலிருந்து வெளியே வரவே முடியாது என்று பயந்தேன். இரண்டும் வேறு வேறு. எழுந்ததும் பயிற்சியாளர் மேடம் முதுகைத் தட்டி, "கழுத்து நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு, வெச்சிக்கலாம்" என்றார். என் கழுத்தை அதற்கு முன் யாரும் பாராட்டியதில்லை.

பயந்தவள் விலகியிருக்கலாமே என்பீர்கள். அணியில் இருந்தால்தான் விடுதியில் அறை. இல்லையென்றால் அக்கா வீடு. கல்லூரியிலிருந்து நடக்கும் தூரம்தான். மாமா தங்கமானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாட்டித் தருகிறேன் என்று மாமா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். மறுநாளே கழற்றிவிட்டார். கதவு பாழாகுமாம். அக்காவிடம் சொன்னேன்.

"நீ ஏன் எல்லாத்தையும் தப்பாவே பாக்கற?" என்றாள்.

அன்றைக்கு எனக்கு அக்காமேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. ஆக, ஒரு பக்கம் அந்தக் குளியலறை, இன்னொரு பக்கம் ஸ்க்ரம். இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று கிடைத்த இடம், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. நான் அதில் நிம்மதியாக இருந்தேன்.

சீசனின் தொடக்கத்தில், ஓர் ஆட்டத்தில், எதிரணிப் பெண்ணின் முட்டி கொக்கியின் நெற்றிப் பொட்டில் பட்டது. விழுந்தாள். தலையில் அடிபட்டால் அணியின் பிசியோ அண்ணன் வந்து ஐந்து கேள்விகள் கேட்பார். இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன வாரம் யாரோடு ஆடினோம்? ஜெயித்தோமா? ஒன்று தப்பினாலும் அவள் வெளியே வர வேண்டும், பல நாள் ஆடக் கூடாது. பிசியோ அண்ணனுக்கு மூட்டுவலி. அவர் நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் தண்ணீர் கொடுப்பவள் போய்விடலாம். நான் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, பாட்டிலை வாயில் வைத்து, காதோரம் ஐந்து பதில்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் அப்படியே ஒப்பித்தாள். பிசியோ அண்ணன் கட்டை விரலை உயர்த்தினார்.

அறைக்கு வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் இல்லன்னா என்னை வெளிய தூக்கிப் போட்டிருப்பாங்கடி. நீ என் தெய்வம்" என்றாள். இதைக் கவனியுங்கள். ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். நான் ஒரு சிநேகிதிக்கு உதவினேன்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பேருந்தில் பக்கத்தில் உட்காரவைத்து, போன வார விவரங்களைப் படிக்கவைப்பேன். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யார் புள்ளி எடுத்தார்கள் என்பதை நான் மனதில் வைத்துக்கொள்வேன். ஆட்டத்தை என்னைப் போல உன்னிப்பாகப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை என்று மேடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சீசன் பாதி கடந்தபோது அவளிடம் மாற்றம் தெரிந்தது. வெளிச்சம் குத்துகிறது என்று ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிடுவாள். ஒரே கதையை எனக்கு இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் புதிதாகச் சிரித்தாள். பல் துலக்கிவிட்டு மறுபடி துலக்கப் போவாள். வாயாடி, வாயை மூடிவிட்டாள். ஒருநாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு முடியலடி. நீ மேடம்கிட்ட சொல்லேன். நான் சொன்னா பயந்துட்டேன்னு நினைப்பாங்க."

"சொல்றேன்" என்றேன்.

மேடத்தின் அறைவரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. மேடம் யாரிடமோ தொலைபேசியில், "ஆடாதவளுக்கு எதுக்கு ரூம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி என்று தெரியாது. என்னைப் பற்றியே இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே, சமாளிச்சிக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. யாரிடம் சொன்னாலும் பயனில்லை என்று தெரிந்துவிட்டால் ஒருத்தியின் முகம் எப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பாவமாகத்தான் இருந்தது. அன்று அவளுடைய துணிகளையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன்.

மூளை ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டால் வீங்கிவிடும் என்று, கடைசி ஆட்டம் முடிந்து ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியபோது, மேடம் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். எனக்கு அது புதிது இல்லை. சீசன் தொடங்கும் முன் பிசியோ அண்ணன் இதற்கென்றே ஒரு வகுப்பு எடுத்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். நான் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்து நின்று சந்தேகம்கூடக் கேட்டேன். மறுபடி படும் அடி பலமாக இருக்க வேண்டுமா என்று. லேசாகப் பட்டாலே போதும் என்றார்.

பிசியோ அண்ணனை விட்டுவிடுங்கள். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். மேடமும் அப்படியே. எல்லோரும் விபத்து என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவர்கள் பார்த்தது அதுதான். கடைசி ஆட்டத்தின் கடைசி ஸ்க்ரம் சரிந்தது, எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. இரண்டு நாள் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். இப்போது விடுதி அறையில் நான் மட்டும் இருக்கிறேன். சீசன் முடிந்துவிட்டதால் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறேன், நன்றாகத் தூக்கம் வருகிறது. இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்கிறேன். எனக்குப் பொய் பிடிக்காது.

அந்தக் கடைசி ஸ்க்ரமுக்குச் சற்று முன்னால், அவள் சுயநினைவோடுதான் ஆடினாளா என்பதுதானே உங்கள் கேள்வி? அதற்கும் சொல்லிவிடுகிறேன். யாரும் அவள்மேல் மோதவில்லை. பந்தைத் துரத்தும்போது தானாகத் தடுமாறி முழங்காலில் விழுந்தாள். வழக்கம்போல ஓடினேன். பெஞ்சில் என்னைத் தவிர வேறு கொக்கி இல்லை, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. தண்ணீரைக் குடிக்காமல் வழியவிட்டாள். என்னைப் பார்த்து, "அக்கா" என்றாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாங்கள் ஒரே வயது.

"அக்கா, என் பேரு என்ன?"

மெதுவாகத்தான் கேட்டாள், பக்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிசியோ அண்ணன் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் அவளுக்கு அவள் பெயரைச் சொன்னேன். ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னேன், சொன்னாள். பிறகு மற்ற ஐந்தையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கேட்ட ஐந்துக்கும் சரியாகவே பதில் சொன்னாள். பெயரை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சரியாகச் சொல்லியிருப்பாள்.