வருஷம் பிறந்த நாள்

உங்கள் ஸ்டேஷன் தேநீர் மோசமில்லை, இன்ஸ்பெக்டர். எங்கள் லுகாங் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவராக இருபது வருஷம் இதைவிட மட்டமானதைக் குடித்திருக்கிறேன். அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

வாக்குமூலத்தின் முதல் வரியில் ஒரு சின்ன விடுபாடு இருக்கிறது. பெயர் கோ வென்-ஹாய், சரி. தொழில் சோயா சாஸ் ஆலை உரிமையாளர், சரி. பிறந்தது 1928, நம் சந்திரக் கணக்கில் முதல் மாதம் ஏழாம் நாள், அதுவும் சரி. பக்கத்தில் என் வருஷத்து விலங்கு டிராகன் என்று எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை என்கிறீர்கள். ஒரு மனிதன் யார் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடம் இருக்கிறது. பரவாயில்லை, கடைசியில் பார்த்துக்கொள்வோம். உங்களுக்கு முப்பத்து மூன்று இருக்கும், ஆட்டு வருஷம். அதனால்தான் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள்.

என் ஆலையில் நாற்பது பேர். ஆளெடுக்கும்போது நான் படிப்பைக் கேட்டதில்லை, பிறந்த வருஷத்தைக் கேட்பேன். கணக்குக்கு எலி, ஜாடி தூக்க எருது, வெளியூர் விற்பனைக்குக் குரங்கு. குதிரை வருஷத்துக்காரன் ஒருவன் சொல்லாமல் ஓடிப்போனான். அது குதிரையின் குணம். இன்னொரு குதிரை பதினெட்டு வருஷமாக ஓடாமல் இருக்கிறான். அது என் நிர்வாகம். இந்த முறை ஒருநாளும் தவறியதில்லை.

என் மருமகள் சூஷியா நாய் வருஷம். பன்னிரண்டு விலங்குகளில் டிராகனுக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பது நாய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மகன் ஜென்-தே கப்பலில் எஞ்சினியர். துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டான். கல்யாணத்தன்று எனக்குத் தேநீர் கொடுக்க வந்தவளிடம் எந்த வருஷம் என்று கேட்டேன்.

“நாய் மாமா. வீட்டுக்குக் காவலா இருந்துடுவேன். அப்பப்போ குரைச்சா மட்டும் கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்கு வெறுப்பு இருந்ததே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மீன் சூப்பில் இஞ்சியை அள்ளிப் போடுவாள். அதைக்கூட நான் இரண்டு முறைதான் சொன்னேன்.

போன கோடையில் அவள் உண்டானாள். டாக்டர் கணக்குப்படி புதுவருஷம் பிறந்து ஒரு வாரத்தில் பிரசவம். வரப்போவது சாதாரண டிராகன் வருஷமா என்ன. மண் டிராகன், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வருவது. போன முறை வந்தபோது நான் பிறந்தேன். அதே வருஷம் திரும்பி வரும்போது என் வீட்டில் ஒரு குழந்தை. இதை வானம் எனக்கு எழுதிய கடிதம் என்று எடுத்துக்கொண்டேன். அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

ஆலையின் வருஷக் கடைசி விருந்து அன்றைக்கு எட்டு மேஜை. முதலாளி கோழித் தலையை யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ அவருக்கு வேலை போச்சு என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வருஷம் தலையை என் பக்கமே திருப்பி வைத்தேன். எல்லோரும் மூச்சு விட்ட பிறகு எழுந்து நாற்பது நிமிஷம் பேசினேன். புதுவருஷத்தில் இந்தத் தெருவில் பிறக்கும் முதல் டிராகன் என் பேரன் என்றும், அவனைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலில் ஊதுபத்தி ஏற்றுவேன் என்றும் சொன்னேன். அரக்குப் பலகை ஒன்றும் தயாராகியிருந்தது. ‘அறுபது ஆண்டுக்குப் பின் மீண்டும்’ என்று தங்க எழுத்தில், என் பெயர் மேலே, பேரன் பெயருக்குக் கீழே காலி இடம்.

சூஷியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். “மாமா, உள்ள இருக்கிறவனுக்கு இன்னும் காலண்டர் பார்க்கத் தெரியாது. தெரிஞ்சதும் நாள் பார்த்து வரச் சொல்றேன்.”

எட்டு மேஜையும் சிரித்தது. ஜோதிடன் ஹுவாங்கும் சிரித்தான். அவன் என் பள்ளித் தோழன், கோயில் வாசலில் மேஜை போட்டு ஜாதகம் எழுதுகிறவன். என் பேச்சு முழுவதும் பன்றிக்காலைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பிறகு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

பழைய வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலைக் கஞ்சி நேரத்தில், சூஷியாவுக்கு வலி எடுத்தது.

“மாமா, காரை எடுக்கச் சொல்லுங்க. இது சும்மா வலி மாதிரி இல்ல.”

ஆலைக்கு லீவு விட்டிருந்தேன். ஓட்டுநர் ஊருக்குப் போயிருந்தான். எனக்கே ஓட்டத் தெரியும். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் சாங்ஹுவா ஆஸ்பத்திரியை எனக்குத் தெரியும். பண்டிகைக்கு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அறுத்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். முயல் வருஷத்தின் கடைசி இரண்டு நாளில் ஒரு முயல். அறுபது வருஷக் காத்திருப்புக்கு ஒரு முயல். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

“முயலா இருந்தா என்ன மாமா? ரெண்டு காது கூட இருக்கும், அவ்வளவுதானே” என்றாள். வலியிலும் அவளுக்குப் பேச்சு நிற்காது.

மருத்துவச்சி லியாவை அழைத்து வந்தேன். எருது வருஷம், சொன்னதைச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். முட்டிகளைச் சேர்த்துத் துணியால் கட்டி, காலை உயர்த்தி வைத்து, முக்க விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் மறுத்தாள். அவள் மகன் என் ஆலையில் ஜாடி தூக்குகிறான் என்பதை நினைவுபடுத்தினேன். மிரட்டவில்லை, நினைவுபடுத்தினேன். பின்வாசலைப் பூட்டினேன். தொலைபேசி என் அறையில் இருந்தது.

அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பண்டிகைப் பலகாரம் அதிகம் தின்றுவிட்டாள், வயிறு சரியில்லை என்றேன். ஏற்கெனவே தெருவில் பட்டாசு தொடங்கிவிட்டது. நம் ஆட்களுக்குப் பட்டாசு விஷயத்தில் நாள் கணக்கெல்லாம் கிடையாது.

மறுநாள், பழைய வருஷத்தின் கடைசி நாள், காலையில் லியாவ் வெளியே வந்தாள். மருந்துக் கடைக்குப் போய்வர அனுமதி கேட்டாள். போய் வந்தவள் என் முன்னால் நின்றாள். “முதலாளி, தலை கீழ வரல. கால்தான் முதல்ல நிக்குது. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு. என் கையால ஆகாது. இப்போ தூக்கிட்டுப் போனா ரெண்டு உசுரும் தப்பும்.”

“இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாள்?” என்று கேட்டேன். இது அக்கறையுள்ளவன் கேட்கும் கேள்வி, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“இதென்ன சாஸ் ஜாடியா, இத்தனை நாள் ஊறணும்னு சொல்றதுக்கு?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எருதுகள் இப்படித்தான், எப்போதாவது ஒரு முறை கொம்பைக் காட்டும்.

கதவருகே போய் நின்றேன். சூஷியாவுக்கு என் செருப்புச் சத்தம் தெரியும்.

“மாமா, அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கிறேன்.”

“கட்டை அவுக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன். நாய் ஓடாது, உங்களுக்குத் தெரியும்ல.”

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். அன்று மாலை குடும்ப விருந்துக்கு மேஜையில் மூன்று கிண்ணம் வைத்தேன். கப்பலில் இருக்கும் மகனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மீனைப் பாதிதான் சாப்பிட்டேன். மீதி வைத்தால்தான் புதுவருஷத்தில் குறைவிருக்காது. வழக்கம் எதையும் நான் விடவில்லை.

இரவு பதினொரு மணிக்கே மறுநாள் பிறந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள், பன்னிரண்டுக்கு என்று சிலர். நாளைக்கு ஒருவர் வாய் திறக்க இடம் இருக்கக் கூடாது. நன்றாக விடியட்டும் என்று இருந்தேன். விடிந்ததும் கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.

பையன். அரை மணி நேரம் இருந்தான். சூஷியா அதற்கு முன்பே போயிருந்தாள். எப்போது என்று லியாவ் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. நாய் வருஷத்துத் தாய், டிராகன் வருஷத்துப் பிள்ளை. ஒரே கூரையின் கீழ் இருவரும் தங்க முடியாது என்பது ஆயிரம் வருஷத்துக் கணக்கு; நான் போட்டதில்லை.

புதுவருஷத்தின் இரண்டாம் நாள் ஜென்-தே வந்து சேர்ந்தான். மனைவியை அவள் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் நாள் அல்லவா. கையில் மாமியாருக்கு வாங்கிய பழக்கூடையும் சிவப்புத் தாள் சுற்றிய ஜப்பான் பிஸ்கட் டப்பாவும் இருந்தன. லியாவ் வாசலிலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கூடையை இறக்கி வைக்காமலே உங்களிடம் வந்தான்.

நீங்கள் இதை மூடநம்பிக்கை என்று எழுதப் போகிறீர்கள். பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்களாம்: கிழவன் ஒருவன் பஞ்சாங்கத்தை நம்பி மருமகளைச் சாகவிட்டான். அது சரியில்லை. எதுவும் தெரியாமல் செய்தவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லக் கூடாது. அதனால் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் நண்பகலில் ஹுவாங் வந்தான். மருந்துக் கடையில் லியாவ் அழுததைப் பார்த்திருக்கிறான். தன் மருமகனின் வேனை எடுத்துக்கொண்டு வந்து, எஞ்சினை நிறுத்தாமல் என் வாசலில் நிறுத்தியிருந்தான்.

“டேய் கோ, உனக்கு டிராகன்தானே வேணும்? அது வந்து பன்னெண்டு நாளாச்சு. ஊர்க்காரன் வெடி வெடிக்கிற அன்னைக்கு வருஷம் மாறுதுன்னு நினைக்கிறான். ஜாதகக்காரனுக்கு வசந்தம் பிறக்கிற அன்னைக்கே மாறிடும். அது உன் விருந்துக்கு மறுநாள். புள்ள இப்பவே பொறந்தாலும் டிராகன்தான். கிளம்பு, அவளத் தூக்கு.”

கையில் ஒரு சிவப்புத் தாள். வசந்தம் பிறந்த நாளும் நேரமும் அதில் எழுதியிருந்தது. பஞ்சாங்கத்தில் சரிபார்த்தேன். அவன் சொன்னது சரி.

காரணம் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் சாவியை வெளியே எடுத்தேன். அப்போது ஹுவாங் சிரித்தான். அவன் வாய் எப்போதும் ஒரு வாக்கியம் அதிகம் பேசும்.

“ஒரே ஒரு சங்கடம். நீ பொறந்தப்போ அந்த வசந்தம் வர்றதுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு. இந்தக் கணக்குப்படி நீ முயல்டா. பத்து வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். தேநீர் வாங்கித் தர்றியேன்னு சொல்லாம இருந்தேன். இத்தனை வருஷம் இந்த டிராகனைப் பொய்ப்பல்லு மாதிரி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்க. கழட்டி வைச்சாத்தான் என்ன? அந்தப் பொண்ணு பொழைக்கட்டும்.”

உள்ளே சூஷியா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா, மாமா என்று இரண்டு முறை. தெளிவாகக் கேட்டது. அந்த நேரம் தெருவில் பட்டாசு இல்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது, படுக்க வைத்துக் கொண்டுபோவதுதான் நல்லது என்று ஹுவாங்கிடம் சொன்னேன். ஐம்பது வருஷமாக என் பேச்சு எதையும் நம்பாதவன் அன்றைக்கு நம்பினான். வேன் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். பிறகு சிவப்புத் தாளை நான்காக மடித்துச் சாவியோடு பையில் போட்டுக்கொண்டேன்.

அவ்வளவுதான். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் வரியில், பிறந்த தேதிக்குப் பக்கத்தில், டிராகன் என்று மட்டும் சேர்த்துவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும்.