கடைசிப் பன்னிரண்டு வசனங்கள்

தேத்தண்ணீருக்குச் சீனி போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. டொலறஸ் அக்காவுக்கு மூன்று கரண்டி வேண்டும். வருடக்கணக்காக ஒரே குசினியில் புழங்கியும் எங்களுக்குள் வந்த பிணக்கு அவ்வளவுதான். லண்டன் ஸ்ட்ரெதமில் உள்ள என் வீட்டின் மேலறையில் அவ வாடகைக்கு இருந்தவ. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நல்ல மனுசி. சபை நிர்வாகத்தினராகிய நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவமீது எனக்குக் கோபம் ஒன்றும் இருந்ததில்லை.

நான் ஆனையிறவு உப்பளத்தில் வளர்ந்தவன். அப்பாவின் காலில் உப்புப் புண் ஆறி நான் பார்த்ததில்லை. சவப்பெட்டிக்குள் வைக்கும்போதும் ஆறாமல்தான் இருந்தது. லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுகொண்டே படித்தேன். அந்தப் படிப்பு ஒருவருக்கும் சோறு போடாது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தி, அச்சுப் புத்தகம் புதிதாக வந்த நாட்களில், ஐரோப்பாவில் சில படிப்பாளிகள் வேதாகமத்தின் பழைய கிரேக்கப் பிரதிகளைத் தேடி மடம் மடமாக அலைந்தார்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, முதலில் எழுதியது எது, பிறகு வந்தவன் செருகியது எது என்று பிரித்தார்கள். அவர்களைத்தான் நான் படித்தேன். நீர் வற்றின பிறகு பாத்தியில் மிஞ்சுவதுதான் உப்பு. எனக்கு அந்த வேலை விளங்கியது.

நம்முடைய செபக்கூட்டத்தில் அதை நான் சொல்லித்தந்தது உங்களுக்கே தெரியும். ஒருவரும் விரும்பிக் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

டொலறஸ் அக்காவின் ஒரே மகன் நிமலன் இயக்கத்தில் இருந்தான். அவர்களின் கழுத்தில் சயனைட் குப்பி தொங்கும். பிடிபட்டால் கடிக்கவேண்டும். 2009 மே மாதத்தோடு அங்கே எல்லாம் முடிந்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவ பிடித்துக்கொண்டிருந்தது ஒரு வசனத்தை. இரண்டாவது சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியில் அது வருகிறது. விசுவாசிகள் நஞ்சைக் குடித்தாலும் நஞ்சு அவர்களை ஒன்றும் செய்யாது என்று. மகனுக்குச் சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை கொடுத்த நாளில் அதைத்தான் சொல்லி அனுப்பினாவாம். ஆகவே அவன் சாகவில்லை. அதுதான் அவவின் கணக்கு.

கூட்டத்தில் நான் எழும்பி, அந்தச் சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும் பிறகு சேர்க்கப்பட்டவை, நான் சொன்ன படிப்பாளிகளுக்கே அதில் சந்தேகம் இருந்தது என்றேன். அவர்கள் சந்தேகத்தை ஓரக்குறிப்பில் எழுதிவிட்டு வசனத்தை இருந்த இடத்திலேயே விட்டார்கள். அதைப் பயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அக்கா திரும்பிப் பார்த்து, “மாஸ்டர், உங்கடை கிரேக்கத்துக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதுதான் இப்பிடிக் கதைக்குது” என்றா.

எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் இராஜேந்திரன் அண்ணை தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் கடைசியில் வவுனியாவிலிருந்து தவமலர் போன் எடுத்தா. அக்காவின் மருமகள் முறை. மேலறைக்குத் தனிப் போன் இல்லாததால் ஊரில் என் போன் இலக்கத்தைத்தான் அக்கா கொடுத்திருந்தா.

“மாஸ்டர், மாமியிட்டைச் சொல்லுங்கோ. நிமலன் குப்பியைக் கடிச்சவனாம், ஆனா சாகேல்லை. ஆமிக்காரன் ஆஸ்பத்திரியிலை போட்டுக் காப்பாத்தினவனாம். இப்ப தடுப்பு முகாமிலை இருக்கிறான்.”

“நீர் கண்டனீரோ?”

“நான் காணேல்லை. என்ரை மனுசன்ரை தம்பிதான் கண்டவர்.”

“அவர் உம்மிட்டை நேரிலை சொன்னவரோ?”

“இல்லை மாஸ்டர். அங்கையிருந்து வந்த ஒராள் சொன்னது.”

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒருவன் கண்டது, இன்னொருவன் கேட்டது, மூன்றாவது ஆள் எனக்குச் சொல்வது. பிரதிக்குப் பிரதிக்குப் பிரதி. அப்படி வந்த ஒரு வரியை என் தொழிலில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். தவிர, நஞ்சைக் கடித்தவன் பிழைத்தான் என்று கூட்டத்தில் ஒருமுறை சொன்னால் போதும், பிறகு அந்த வசனத்தை ஒருவராலும் அசைக்க ஏலாது. நான் படித்த அவ்வளவும் அந்த மண்டபத்தில் ஒரு பகிடியாக மிஞ்சியிருக்கும்.

அடுத்த மாதம் மிகப் பழைய கிரேக்கப் பிரதி ஒன்றை இணையத்தில் போட்டார்கள். அக்காவை முன்னறைக்குக் கூப்பிட்டுக் கொம்பியூட்டரில் அந்தச் சுவிசேஷம் முடிகிற பக்கத்தைக் காட்டினேன். பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள். பயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு சரி. கீழே ஒரு சின்ன அலங்காரம், பிறகு எழுத்தில்லாத வெறும் தோல்தாள்.

அவ அந்த வெறுமையில் விரலை வைத்தா.

“அழிஞ்சு போச்சோ?”

“இல்லை அக்கா. எழுதவே இல்லை.”

“அப்ப என்ரை பிள்ளை?”

“அதைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லை.”

பிறகு நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போனா. நன்றி சொன்னதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

மகனுக்கு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுத்தா. நீங்களும் வந்தீர்கள். அதன்பின் வேலைக்குப் போவது குறைந்தது. இருதயத்துக்குப் போடுகிற குளிசைகளைக் குப்பைவாளியில் கண்டேன். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்து, போடுங்கோ அக்கா என்றேன். “ஆருக்கு, மாஸ்டர்?” என்று கேட்டா. கேள்வி நியாயமானது. நான் குளிசையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சூப் வைத்துக் கொடுத்தேன். கட்டில் விரிப்பு மாற்றினேன். ஒக்டோபரில் செத்துப்போனா. அடக்கத்தில் முதல் வாசகம் வாசித்தது நான்தான்.

இப்போது தவமலர் உங்களிடம் கதைத்திருக்கிறா. ஜூனில் சொன்ன சேதியை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டேன். கேள்விப்பட்ட கதையைச் சொல்லி ஒரு தாயை ஏமாற்ற நான் விரும்பவில்லை. கண்ட சாட்சி ஒன்று வந்திருந்தால் ஏற்றிருப்பேன் என்றுதான் போன கிழமை உங்கள் முன்னால் சொன்னேன்.

அதில் ஒரு திருத்தம் உண்டு.

செப்டெம்பரில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. ஆண் குரல். தொண்டை வெந்த மாதிரி, சொல்லுக்குச் சொல் இழுத்துக்கொண்டு வந்தது.

“அம்மா நிக்கிறாவோ? நான் நிமலன். ஒராளின்ரை போன், கனக்கக் கதைக்க ஏலாது.”

தாயை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். சொன்னான். முதல் நன்மை நாளில் தாய் என்ன சொல்லி அனுப்பினவ என்றும் கேட்டேன். அந்த வசனத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை பிசகாமல் சொன்னான். அவ்வளவு சுத்தமான சாட்சி என் படிப்புக்காலம் முழுவதிலும் என் கைக்கு வந்ததில்லை.

மேலே அக்கா நடக்கிற சத்தம் கேட்டது. பலகை கிறீச்சிடும்.

“தம்பி, அம்மா மேயிலையே செத்துப்போட்டா. இனி இந்த இலக்கத்துக்கு எடுக்காதையும்” என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். பொய் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவ எப்படியும் சாகத்தான் இருந்தா. நடக்கவிருந்ததை நான் கொஞ்சம் முந்திச் சொன்னேன், அவ்வளவுதான்.