இயக்குநரின் பிடரியில் ஒரு நிரூபணம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நடு நாற்காலியைத் தனியொருவராக நிறைத்திருக்கும் இயக்குநர் அவர்களே! கனத்த நெஞ்சோடு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே! நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இது சத்தியம்!

என் தங்கையின் கணவர், நம் ஆய்வகத்தின் ‘அரிப்பு வாத்தியார்’, சாதாரண மனிதரா? அவர் வாயைத் திறந்தால் ஏழு தெருவும் சொறியும்! மிருகக்காட்சிசாலை யானை தூணைத் தேய்த்துத் தேய்த்துப் பல்குத்தும் குச்சியாக்கியது! நாற்சந்திச் சிலை இறங்கி வந்து முதுகைக் காட்டியது! அவருடைய எலிகளுக்குத் தீனி போட்ட நானே சாட்சி.

அவர் சொன்னது என்ன? தோல் வெறும் தபால்காரன்; கடிதத்தைப் பிரித்துப் படிப்பது மூளை. ‘சொறி’ என்பதும் அதுதான், ‘போதும், அடங்கு’ என்பதும் அதுதான். பதினோரு ஆண்டுகள் எழுதிக் கொடுத்தார். “அரிப்பு தோலின் சமாச்சாரம்” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார் இயக்குநர்.

பிறகு வாத்தியாருக்கு ஈரல் கெட்டது. உடம்பெல்லாம் அரிப்பு; தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. பூச்செண்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்த இயக்குநர் குனிந்து பார்த்தார்.

“தோல்ல ஒண்ணுமே இல்லையே! எல்லாம் பிரமை சார்.”

“அதைத்தானே சார் பதினோரு வருஷமா எழுதிக் குடுத்தாரு?” என்றாள் தங்கை.

சிரித்தார், ஐயா! பல் தெரியச் சிரித்துவிட்டு வெளியேறினார்.

மருந்து ஏற்றும் ஊசிக்காக வாத்தியாரின் வலது காலில் கட்டு, அரிப்போ கட்டுக்குள்ளே. இயக்குநர் போன கையோடு, இரு கால்களுக்கும் நடுவே என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிவிட்டு, தங்கை இடது காலைச் சொறிந்தாள். கண்ணாடியில் அது வலது காலாகத் தெரிந்தது.

“மச்சான், கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க... ஆங், அங்கதான்!”

அரிப்பு அடங்கியது. “எழுதிக்கோம்மா,” என்றார். அதுவே அவருடைய கடைசிச் சோதனை.

மறுநாள் காலை, அவரும் தங்கையும் வேலை செய்த அறைக்குப் பூட்டு விழுந்தது! அவர்கள் குறிப்பேடுகள் அத்தனையும் உள்ளே. சாவிக்கொத்தோ, இதோ, இயக்குநரின் விரலில் சுழல்கிறது!

இப்போது அவையைப் பாருங்கள். முன்வரிசை காதைக் குடைகிறது, பின்வரிசை முழங்கையைத் தேய்க்கிறது. இங்கே கொசு உண்டா? பேன் உண்டா? என் பேச்சைத் தவிர வேறென்ன உண்டு? இயக்குநர் அவர்களே, பிடரியில் ஏதோ ஊர்கிறதே! சொறிந்தீர்களானால், அரிப்பை எழுப்புவது மூளை என்பது நிரூபணம். பல்லைக் கடித்து அடக்கினால், அடக்குவதும் மூளை என்பது நிரூபணம். எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? சாவியை மேசைமேல் வையுங்கள் ஐயா, ஒரு கை போதாது!

அட, வைத்துவிட்டார்! தங்கச்சி, எடுத்துக்கோம்மா.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த அறை திறக்கும். பாதியில் நிற்பதை என் தங்கை முடிப்பாள். எலிகளுக்கு நான் தீனி போடுவேன். வாத்தியாரே, இது எங்கள் சபதம்!

யானை புளுகு. சிலை புளுகு. ஏழு தெரு என்றேனே, அரைத் தெருகூட இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி உண்மை. அதைச் சாய்த்துப் பிடித்தபோது அதில் கதவும் தெரிந்தது. வெளியேறியதாக நாங்கள் நினைத்த நீங்கள், அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இயக்குநர் அவர்களே.