ஜட்ஜய்யாவுக்கு ஒரு வேஷம்

"ஹலோ... ஆமா, ஆமா. ...இருக்காரான்னா, எந்த அர்த்தத்துலம்மா கேக்கறீங்க? ...ஓ, வீட்ல இருக்காரான்னா. இருக்கார். வீட்லயும் இருக்கார். நான்தான் பேசறேன்."

தெருவில் அவரை ஜட்ஜய்யா என்பார்கள். பதினான்கு வருடம் நாடக மேடையில் ராஜாவாக நின்றவர். சினிமாவுக்கு வந்து முப்பத்தேழு படங்களில் நீதிபதியாக உட்கார்ந்தார். கடைசியாக உட்கார்ந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. பல் டாக்டரான மகள் வாங்கிப் போட்ட மெத்தை நாற்காலியில் சாய்ந்து, ரிசீவரை இடது காதில் வைத்திருந்தார். எதிரே மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்திய விரல்கள். பார்க்காமலே உரிக்கும்.

"டிவியிலேர்ந்தா? ...சரி... சரி... 'பழம்பெரும் நடிகர்'னா போடப் போறீங்க? ...தப்பில்லம்மா. பழம் ஆயாச்சு. பெருமையைத்தான் தேடிட்டிருக்கேன். ...இல்ல, இல்ல. 'எங்க கையில ஒண்ணுமில்ல'ன்னு கண்ணாடியைக் கழட்டுவாரே, அவர் டாக்டர். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. நான் ஜட்ஜ். ...ஆமா, சுத்தியல். அதேதான். ...என் வசனமா? 'அமைதி, அமைதி.' அப்புறம், 'தீர்ப்பை நாளைக்கு ஒத்தி வைக்கிறேன்.' அவ்வளவுதான். கூண்டுல நிக்கறவன் அஞ்சு பக்கம் பேசுவான். நான் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பணும். கழுத்து வலி இன்னும் இருக்கு. வேணும்னா அதைப் போட்டுக்கோங்க."

மறுமுனையில் சிரித்தார்கள் போல. அவர் குரல் ஒரு படி ஏறியது.

"மேடையில கதையே வேறம்மா. மைக் கிடையாது. கடைசி பெஞ்சுல தூங்கறவன் எழுந்து உக்காரணும். அந்தத் தொண்டையோட சினிமாவுக்குள்ள போனேன். மொத நாளே டைரக்டர், 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க'ன்னார். குறைச்சேன். 'இன்னும்'னார். ...ஆமா, ஆமா... குறைச்சுக் குறைச்சு, கடைசியில சுத்தியலை மட்டும் பேச விட்டாங்க."

மனைவி சிரிக்கவில்லை. அந்த நகைச்சுவையில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது வரை அவளுக்குப் பாடம்.

"நிகழ்ச்சிக்கு என்னம்மா பேரு? ...'அன்று அரியணை, இன்று?' ...கேள்விக்குறியோடவா. சரி. ...உடம்பா? கல்லு மாதிரி இருக்கேன். ...சக்கரையெல்லாம் இல்ல. ...வாடகையா? மக வீடும்மா. மாடி எங்களுக்கு. ...பாத்துக்கறாளே. நல்லாவே பாத்துக்கறா. ...ஹலோ? லைன்ல இருக்கீங்களா? ...இல்ல, 'அப்படியா சார்'னு இழுத்தீங்களே. நான் நல்லா இருக்கறதுல உங்களுக்கு என்னம்மா வருத்தம்?"

பதில் நீளமாக வந்தது. அவர் ம் கொட்டிக்கொண்டே கேட்டார். முதல் ம் கோபமாக இருந்தது. நான்காவது ம் அப்படி இல்லை.

"புரியுது... புரியுது. நல்லா இருக்கறவனை யாரு பாப்பா. ...அதில்லம்மா, இத்தனை வயசுக்கு மேல... ...எத்தனை நிமிஷம்னீங்க? ...இருபத்திரெண்டா? ...நான் மட்டுமா? கூண்டுல வேற யாரும் இல்லையே? ...குளோசப்பும் உண்டா."

முப்பத்தேழு படங்களையும் வெட்டி ஒட்டினாலும் அவர் வாய் திறந்தது பதினொரு நிமிடம் தேறாது. ரிசீவரை வலது காதுக்கு மாற்றினார். முதுகு நிமிர்ந்தது. பின்னால் யாரோ நின்று அங்கி மாட்டிவிடுவது போல இரு தோள்களையும் ஒரு முறை குலுக்கிக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணலாம். கொல்லையில துணி துவைக்கற எடம் இருக்கு. சுவரு பூரா காரை பேந்திருக்கும். ...இருக்கு, கால் ஒடைஞ்ச நாற்காலி ஒண்ணு கிடக்கு. ...கிழிஞ்ச சட்டை வேணாம்மா, அது நாடகத்தனம். பட்டனை ஒரு ஓட்டை மாத்திப் போட்டாப் போதும், ஜனங்களுக்கு அடிவயிறு கலங்கிடும். தாடிக்கு நாலு நாள் குடுங்க. ...மகளா? அவ கிளினிக் போனப்புறம் வாங்க. ...சொல்லிடறேன். 'ஒரு பொண்ணு இருக்கா, எங்கேயோ இருக்கா.' பொய்யில்லையே. கிளினிக்கும் ஒரு எங்கேயோதானே."

அந்த வரி அவருக்கே பிடித்துவிட்டது. வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.

"என்னது? ...மனைவியா? ...இருக்காங்க. இதோ, எதிர்லதான். ...புரியலை. ...ம். ...கூட ஒருத்தர் இருந்தா அழுகை வராதா. யாருக்கு, எனக்கா, பாக்கறவங்களுக்கா? ...சரி. ...இல்ல, அவங்க உள்ள போய் உக்காந்துப்பாங்க, அதுல ஒண்ணும்... ...ஓ. வசனத்துலயும் இருக்கக் கூடாதா."

பட்டாணித் தோல் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது, அதே தாளத்தில்.

"...ஒரே ஒரு வரிதான்னா சரி. ...யாரு, நானா? எழுதிக் குடுத்ததுல ஒரு எழுத்து மாத்தினவன் இல்லம்மா நான். ...இப்பவேவா? போன்லயா? ...சரி, சொல்லுங்க. ...ம். ...ம். ...புடிச்சுக்கிட்டேன்."

தொண்டையைச் செருமினார். எங்கிருந்தோ அந்தப் பழைய குரல் ஏறி வந்து கூடத்தை நிறைத்தது.

"ராஜாவா நின்னேன். நீதிபதியா உக்காந்தேன். ஆயிரம் கை தட்டுச்சு. இன்னிக்கி... இன்னிக்கி..."

நின்றுவிட்டது.

இப்படி நிற்பது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வசனங்களை அவரைவிட முன்னால் மனப்பாடம் செய்தவள் அவள். தட்டச்சுப் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்து, மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பாள். ராஜா திக்கினால் அந்த உதடுகள் அசையும், ராஜா கர்ஜிப்பார். அந்தப் பழக்கத்தில்தான் அவர் கண் இப்போதும் அங்கே போயிற்று.

இந்த முறை அவள் கையில் காகிதம் இல்லை. தேவையும் இல்லை. இப்படித் தொடங்கும் வசனம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். உரிப்பதை நிறுத்தாமல், நிமிர்ந்து அவரைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அடியெடுத்துக் கொடுத்தாள்.

எனக்குன்னு யாருமில்ல.

கோபமாகக் கொடுத்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். எப்போதும் கொடுப்பது போலவே, எழுத்து எழுத்தாக, அவர் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற கவலையோடு கொடுத்தாள்.

அவர் வாய் திறந்தபடி இருந்தது. கூடத்தில் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது.

"...இருக்கேன்மா. ...இல்ல, அழலை. ...எது பிரமாதம்? ...நான் ஒண்ணுமே சொல்லலையே. ...ஓ, சொல்லாம நிறுத்தினதா. ...அன்னிக்கும் அதே மாதிரி நிறுத்திட்டு, அப்புறம் அந்த வரியா. ...செவ்வாய்க்கிழமை. ...பத்து மணி."

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஹலோ? ...ஹலோ. கேக்கலையே. ...நீங்க பேசறது எனக்குக் கேக்கலைம்மா. ...விட்டு விட்டு வருது."

அந்தப் பெண்ணின் குரல் எதிர் நாற்காலி வரை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணை லேசாகச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலை உயர்த்தாமல், இழுக்காமல், நிஜமாகவே லைன் போய்விட்ட மனிதனைப் போல அலுப்போடு பேசினார். எந்த டைரக்டர் இருந்திருந்தாலும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்க மாட்டார். அடியெடுத்துக் கொடுக்கவும் ஆள் தேவைப்படவில்லை.

"...ம்ஹூம். ஒண்ணுமே கேக்கலை."

வைத்துவிட்டார்.

மனைவியின் விரல்கள் முதல் முறையாக நின்றன. அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தி, அவள் மடியிலிருந்த முறத்தில் கை விட்டு, ஒரு பட்டாணியை எடுத்துத் தப்பான பக்கத்திலிருந்து உரிக்கப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கற?" என்றார். "ராங் நம்பர்."