மடைப்பள்ளிப் பருப்பு முளைக்குமா?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் பத்ரிநாராயணன் அவர்களே! அறிவிலும் ஆண்டிலும் மூத்த பெரியோர்களே! அடுப்பு வேலையை அரைகுறையாய் விட்டு வந்திருக்கும் அன்னையர்களே! திருத்தணி மலையடியில் திரண்டிருக்கும் தோழர்களே! தரையில் அமர்ந்து என்னையே முறைக்கும் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியன் என்ன பேசுவான்? பெருமை பேசுவான். நானும் பெருமைதான் பேசப்போகிறேன். ஆனால் என் பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

விதை முளைப்பதை ஐந்தாம் வகுப்புக்குக் காட்ட நினைத்தேன். நான் யார்? தலைமுறை தலைமுறையாய் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்தவன். வீட்டுக்குப் போனேன், துவரம்பருப்பை அள்ளி வந்தேன். முப்பது தகர டப்பாக்களில் விதைத்தேன்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உழவர்கள் சிரிக்கிறார்கள், என் உறவினர்கள் மட்டும் ஏன் என்று புரியாமல் விழிக்கிறார்கள்!

ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றினோம். முளைத்ததா? இல்லை. நாற்றம் மூக்கைத் துளைத்ததா? துளைத்தது! சுவாமிக்குப் படைக்கும் பருப்பாயிற்றே என்று ஒரு பிள்ளை டப்பாவுக்குத் திருநீறே பூசிவிட்டான்.

பத்தாம் நாள் கூலிவேலை செய்யும் முனியன் வந்தார். மகள் பங்காருவைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்தார்.

"மொளைக்காத பருப்புக்குத் தண்ணி ஊத்திகினு கீறாங்க சார். களை எடுக்கவாவது வருவா, அனுப்பிடுங்க" என்றார்.

அப்போது எழுந்தாள் பங்காரு.

"செத்த இரு நைனா. சார், மூணு நாளா கொண்டாந்துகினு கீறேன். சொல்ல பயமா இருந்துச்சு."

பாவாடை நுனியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். ஊறவைத்த முழுத் துவரை! தோலை உரித்தாள், இரண்டாய்ப் பிளந்தாள்.

"நடுவுல குட்டியா மூக்கு மாதிரி கீதே, அதான் சார் மொளைக்கும். ஒடைச்சா அது உதிர்ந்துடும். நீங்க குடுத்தது கொழம்புக்குத்தான் ஆவும்."

சாக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தேன். முதலில் வேர் இறங்கும் என்றாள். பிறகு தண்டு ஏறும் என்றாள். குருக்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள், கடைக்காரர் பிள்ளைகள் கேட்டார்கள். வாசலில் நின்றபடி முனியனும் கேட்டார்.

"நாளைக்கும் இவதான் சொல்வாளா சார்?"

"ஆங், இவள்தான்" என்றேன். மகளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார்.

மறுநாளே முழுத் துவரையை விதைத்தோம். அந்த வாரமே முப்பது டப்பாவிலும் பச்சை! இன்று வகுப்பிலேயே முதல் பரிசு அவளுக்கு! அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளி அவளுக்கு! இதைவிடப் பெருமை எனக்கு ஏது? இந்த ஊருக்குத்தான் ஏது?

இருங்கள், இன்னும் முடிக்கவில்லை. பந்தலுக்கு வெளியே வேலியோரம் நிற்கிறார் முனியன். ஐயா, ஏன் அங்கே? இது உங்கள் மகளின் விழா! முதல் வரிசையில் வந்து அமருங்கள். நீங்கள் அமராமல் நான் இறங்கமாட்டேன். தலைவரும் எழுந்து அழைக்கிறார், பாருங்கள்! வழி விடுங்கள் தோழர்களே, வழி விடுங்கள்!

அமர்ந்துவிட்டார். இப்போது பரிசைக் கொடுக்கலாம். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.