ஒரு சாண் தள்ளி நின்ற வாசல்

எனக்கு விடியுமுன் எழுந்துவிடும் பழக்கம் உண்டு, ஐயா. எங்கள் ஊர்ச் சேவல்கள் என்னைப் பார்த்துத்தான் கூவக் கற்றுக்கொண்டன. நான் காய்ச்சலில் படுத்த வாரம் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. மற்றதை நம்பினால் போதும்.

எழுந்ததும் காட்டுக்குள் இருக்கும் பழைய கல்வீட்டுக்குப் போவேன். எங்கள் முன்னோர் கட்டியது. முகப்பெல்லாம் நீள மூக்கு வைத்த மழைச்சாமியின் முகங்கள். வருடத்தில் ஒரு காலை, உதிக்கிற சூரியன் கிழக்கு வாசல் வழியாக நுழைந்து பின்சுவர் மாடத்தில் விழும். அன்றைக்குத்தான், வெட்டிக் காயப்போட்ட காட்டுக்கு நாங்கள் தீ வைப்போம். பின்னாலேயே மழை வரும். சாம்பலில் மக்காச்சோளம் ஊன்றுவோம். நாள் பார்த்துச் சொல்வது அப்பாவுக்குப் பிறகு என் பொறுப்பு. இந்த நிக்கனோர் துயூப் சொன்னால் ஊர் தீப்பெட்டியை எடுக்கும்.

இடிந்து கிடந்த அந்த வாசலை நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக் கட்டினார்கள். கொத்தனார் என் மனைவி நார்சிசாவின் தம்பி, எராஸ்மோ சாப்லே. மறு வருடம் மாடத்தில் வெயில் விழுந்தது, சொன்னேன், எரித்தார்கள். மழை மட்டும் வரவில்லை. அது வந்து சேர்வதற்குள் சாம்பலைக் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த வருடம் எங்கள் ஊர் எலிகள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின.

மாவு மில்லில் எல்லோர் முன்னிலும் எராஸ்மோ சொன்னான்: "மச்சானுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சுப்பா. நிலாவப் பாத்துட்டு சூரியன்னு சொல்லிருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு போய் வாசலைக் கையால் அளந்து பார்த்தேன். பழைய கல் உட்கார்ந்திருந்த தடம் தரையில் தெரிந்தது. புது வாசல் தெற்கே ஒரு சாண் தள்ளி நின்றது. வெயில் பல நாள் முந்தி மாடத்துக்கு வந்திருக்கிறது. எராஸ்மோவைத் தனியே கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"நூல் நகந்திருச்சு மச்சான். கட்டி முடிச்சப்புறந்தான் பாத்தேன்."

"ஊர்ல சொல்லிடுடா."

"சொன்னா எவன் எனக்கு வேலை தருவான்? உங்களுக்குக் கண்ணு போச்சுன்னா ஊரே நம்புது. வயசான காலத்துல உங்களுக்கு என்ன நட்டம்?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். நான் கோபப்படவில்லை. இந்த வருடம் ஊர் அவனிடம் நாள் கேட்டது. வாசல் தப்பென்று தெரிந்தவன், அத்தனை நாள் தள்ளிச் சொன்னான். கச்சிதமான நாள். என் வாயிலிருந்து வர வேண்டியது.

அவன் தீயில் செத்தது விபத்து என்று இதே ஸ்டேஷனில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். ஏன் இப்போது வந்தாய் என்கிறீர்கள். போன வாரம் இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள் வந்தது. நார்சிசா மண்ணடுப்பில் கோழியும் மாவும் வேகவைத்துத் தம்பி பெயருக்கு இலையில் வைத்தாள். "ஏங்க, நீங்க கூப்பிடுங்க. உங்க குரலுக்குத்தான் அவன் வருவான்" என்றாள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அவள் எனக்கும் அதே கோழியில் ஒரு துண்டு வைத்தாள். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எராஸ்மோ காடும் என் காடும் ஒட்டினாற்போல் இருக்கும். எப்போதும் சேர்ந்துதான் எரிப்போம். ஒருவன் பந்தத்தோடு விளிம்பில் ஓடித் தீ வைத்துக்கொண்டே போவான். இன்னொருவன் தீ வைக்காமல் விட்ட இடைவெளியில் நின்று சீழ்க்கை அடிப்பான். அது காற்றை அழைக்கிற சீழ்க்கை. புகையில் கண் தெரியாதவனுக்கு வழியும் அதுதான்; சத்தம் வரும் பக்கம் ஓடி வந்தால் வெளியே வந்துவிடலாம்.

இந்த வருடம் எரித்த அன்று எராஸ்மோ ஓடினான். "சத்தமா அடிங்க மச்சான், காத்து உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சுகிட்டு நிக்குது" என்று சிரித்துக்கொண்டே போனான். நல்ல காற்று வந்தது. தீ வளைந்து சுற்றிக்கொண்டதும் புகைக்குள்ளிருந்து, "மச்சான், எங்க நிக்கிறீங்க?" என்றான்.

நான் குனிந்து அந்த இடைவெளிக்கும் தீ வைத்தேன். காய்ந்த சருகு, உடனே பிடித்துக்கொண்டது. பின்னால் நகர்ந்து நின்று சீழ்க்கையைத் தொடர்ந்தேன். அவன் அந்தச் சத்தத்தை நம்பி நேராக என்னை நோக்கித்தான் வந்தான். இரண்டு முறை மச்சான் என்றான். பிறகு அக்கா என்றான். சத்தம் அடங்கிய பிறகும் நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் நிறுத்தினால் காற்றுக்கு அவமரியாதை, ஐயா. அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை.